பழுதுபார்ப்புக்கு ஈடாக வாடகைக் குறைப்பு: வாய்ப்பேச்சு போதாது, எழுத்தில் இருக்க வேண்டும்

தீபகற்ப மலேசியாவில் மிக அதிகமாக மழை பெய்யும் நகரம் தைப்பிங். ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. போருக்கு முந்தைய கடைவீடுகள் பல இன்னும் பயன்பாட்டில் இருக்கும் இவ்வூரில், கூரை ஒழுகல் வாடகை வீடுகளில் சாதாரணமாக எழும் பிரச்சினை.

அப்போது உரிமையாளர்கள் சிலர், "செலவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், வாடகையில் கழித்துக்கொள்ளலாம்" என்பார்கள். கையில் பணமில்லாத உரிமையாளருக்கும், உடனே கூரை சரியாக வேண்டும் என்ற நிலையில் உள்ள வாடகைதாரருக்கும் இது வசதியான ஏற்பாடு. ஆனால், எழுத்தில் இல்லாவிட்டால் இதுவே பின்னர் வாடகை பாக்கி வழக்காக மாறக்கூடும்.

பழைய கடைவீடுகளின் கதை

வாடகைக்கும் பழுதுபார்ப்புக்கும் உள்ள தொடர்பு நம் நாட்டில் புதிதல்ல. 1948 ஜனவரி 31ஆம் தேதிக்குள் கட்டி முடிக்கப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பொருந்தியது. வாடகை மிகக் குறைவாக இருந்ததால், பழுதுபார்க்க உரிமையாளர்களுக்கு ஆர்வம் இருக்கவில்லை. 1997 செப்டம்பர் 1ஆம் தேதி அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகளும் 1999 இறுதியில் முடிவுற்றன. அதன் பிறகு வாடகை எவ்வளவு, பழுதுக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் இரு தரப்பும் பேசி முடிவு செய்ய வேண்டியவையாகிவிட்டன.

குடியிருப்பு வாடகைக்கென ஒரு தனிச் சட்டம் நீண்ட காலமாகப் பேசப்பட்டு வந்தாலும் இன்னும் நடப்புக்கு வரவில்லை. ஆகவே, 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் கீழ் இரு தரப்பும் செய்துகொள்ளும் ஒப்பந்தமே முக்கிய ஆதாரம்.

இரு தரப்பும் செய்யக்கூடாதவை

உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் வாடகைதாரர் தாமாகவே வாடகையைக் கழித்துக் கொடுத்தால், அது பாக்கியாகவே கருதப்படலாம். 1951ஆம் ஆண்டு சட்டத்தின்படி, 12 மாதங்கள் வரையிலான வாடகை பாக்கிக்காக வாடகைதாரரின் பொருள்களைப் பறிமுதல் செய்யும் ஆணையை உரிமையாளர் நீதிமன்றத்தில் கோர முடியும்.

உரிமையாளருக்கும் வரம்பு உண்டு. ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் வாடகைதாரர் குடியிருந்தால், நீதிமன்ற உத்தரவின்றி அவரை வெளியேற்றக் கூடாது என்கிறது 1950ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவு. பூட்டை மாற்றுவது தீர்வாகாது.

ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

• முழு வாடகை எவ்வளவு, அதில் மாதந்தோறும் கழிக்கப்படுவது எவ்வளவு என்பதைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும். குறைந்த தொகையை மட்டும் எழுதினால், கழிவுக் காலம் முடிந்ததும் வாடகை எவ்வளவு என்பதில் சர்ச்சை வரும்.

• எந்த வேலை, எந்தப் பொருள், எந்தத் தேதிக்குள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். "வீட்டைச் சரிசெய்வது" என்று பொதுவாக எழுதினால் போதாது.

• செலவின் உச்ச வரம்பு எவ்வளவு, கூடுதல் செலவு வந்தால் யாரிடம் அனுமதி பெற வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும்.

• ரசீதுகளும், வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்களும் இரு தரப்பிடமும் இருக்க வேண்டும்.

• வாடகைதாரர் முன்கூட்டியே வெளியேறினால் மீதித் தொகை என்னவாகும் என்பதையும் முன்னதாகவே முடிவு செய்ய வேண்டும்.

பலரும் மறந்துவிடுவது கடைசி அம்சத்தைத்தான். ஓர் உதாரணம்: கூரை வேலைக்கு 2,400 ரிங்கிட் செலவாகிறது. மாத வாடகை 700 ரிங்கிட். அதில் 200 ரிங்கிட் கழித்தால், 12 மாதங்களில் கணக்கு முடியும். ஏழாவது மாதத்தின் முடிவில் வாடகைதாரர் வெளியேறினால், அவருக்குத் திரும்பக் கிடைத்திருப்பது 1,400 ரிங்கிட் மட்டுமே. மீதி 1,000 ரிங்கிட்டை உரிமையாளர் தர வேண்டுமா, வேண்டாமா? எழுத்தில் இல்லையென்றால் அது வாக்குவாதத்தில்தான் முடியும்.

முத்திரையும் அனுமதியும்

ஒப்பந்தம் கையெழுத்தான 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் மூலம் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது. முதல் ஒப்பந்தத்துக்குப் பிறகு வாடகைக் குறைப்புக்கு ஒப்புக்கொண்டால், அதையும் இரு தரப்பும் கையெழுத்திட்ட துணை ஒப்பந்தமாகச் செய்துகொள்வது நல்லது.

மூன்று ஆண்டுகளுக்கு மேற்பட்ட குத்தகை, தேசிய நிலச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு உட்பட்ட வாடகையை நில அலுவலகத்தில் நிலப்பட்டாவில் குறித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால், வீடு கைமாறும்போது புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாமல் போகலாம். பெருந்தொகை செலவழித்த வாடகைதாரர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓடு மாற்றுவது வேறு, சுவரை இடிப்பது வேறு. கட்டட அமைப்பை மாற்றும் வேலைகளுக்குத் தைப்பிங் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். அந்த விண்ணப்பத்தை யார் செய்வது, கட்டணத்தை யார் ஏற்பது என்பதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும்.

பல ஆண்டுப் பழக்கத்தில் முகம் பார்த்துச் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் நம்மிடையே அதிகம். உரிமையாளர் காலமாகி, வீடு பிள்ளைகள் கைக்குப் போகும்போது, அந்தப் பழைய பேச்சுக்குச் சாட்சி இருப்பதில்லை. கையெழுத்திட்ட ஒரு தாள் இருந்தால், போட்ட பணமும் பழகிய உறவும் இரண்டும் தப்பும்.