20 மில்லி ஆயில்

எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு இருக்கும் சொத்து நான்கே நான்கு. கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு ஷாமியானா, ஒரு ஒலிபெருக்கி, ஒரு நீளக் கம்பு ரம்பம். முதல் மூன்றும் தலைவர் வீட்டில். ரம்பம் மட்டும் திருமுல்லைவாயிலில் என் வீட்டு மாடிப்படிக்கு அடியில் படுத்திருக்கிறது. "சார் கவர்மெண்ட் ஆபீஸ்ல ஸ்டோர் ரெஜிஸ்டர் பார்த்தவர், பத்திரமா வெச்சுப்பார்" என்று கூட்டத்தில் ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிந்தார். பத்திரமாகத்தான் வைத்திருந்தேன். அதில்தான் வம்பே வந்தது.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ஓர் ஆள் உயரத்தை மிஞ்சிய உலோகக் கம்பு. அதன் ஒரு நுனியில் தேங்காய் பருமனுக்கு ஒரு பெட்ரோல் எஞ்சின். மறுநுனியில் ஒன்றரைச் சாண் நீளப் பட்டையைச் சுற்றி ஓடும் பல் சங்கிலி. எஞ்சினின் சுழற்சியை கம்புக்குள் ஓடும் மெல்லிய தண்டு மேலே கொண்டுபோகிறது. மரத்தில் ஏறாமல் தரையில் நின்றபடியே கிளையை அறுக்கலாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் இதைத் தொடவே கூடாது. கம்பு உலோகம், ஆள் போய்விடுவான்.

இதை நாங்கள் வாங்கியதற்கு வர்தா புயல்தான் காரணம். 2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. முதலமைச்சர் ஜெயலலிதா மறைந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம். அன்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று அடித்தது. மாலையில் வெளியே வந்து பார்த்தால் எங்கள் தெருவே தெரியவில்லை, பச்சையாக ஒரு தோட்டம் படுத்துக் கிடந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். மறுநாள் அவருடைய முறை. தெருமுனையில் ஒரு தூங்குமூஞ்சி மரம் குறுக்கே விழுந்திருந்தது, ஆட்டோ கூட நுழைய வழியில்லை. ரம்பத்தோடு வந்த கூலி ஆட்கள் ரொக்கம் கேட்டார்கள், அது நியாயம்தான். ஆனால் ஏ.டி.எம். வேலை செய்யவில்லை, கையில் இருந்த 2,000 ரூபாய் நோட்டுக்கு யாரிடமும் சில்லறை இல்லை. கடைசியில் நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி, கிளைகளுக்கு மேலாக சி.டி.எச். ரோடு வரை கொண்டுபோனார்கள். அவர் மனைவி செருப்பில்லாமல் பின்னால் ஓடியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பிப்ரவரியில் சங்கம் கூடி இந்த ரம்பத்தை வாங்கியது.

2018 ஜூனில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கயிற்றை இழுத்தால் அசையவில்லை. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டன் பக்கவாட்டில் நகத்தால் பிராண்டியதுபோல் கீறல், சிலிண்டரும் போச்சு. தோட்ட வேலைக்கு வரும் பையன் பெட்ரோலை மட்டும் ஊற்றி ஓட்டியிருக்கிறான், ஆயில் கலக்கவில்லை. புது சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்து 2,800 ரூபாய். அதை அவன் கூலியில் மூன்று மாதம் பிடித்தோம். வவுச்சர் எழுதியவன் நான்தான். பதிவேட்டில் முதல் பக்கத்திலேயே 'ஒரு லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில்' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தேன். நம் பக்கம் தப்பில்லை என்று அன்றைக்கு ஒரு நிம்மதி. அந்தப் பதிவேடு என் பீரோவில் இருந்தது.

பெட்ரோலில் ஆயில் எதற்கு என்று இன்றைய பிள்ளைகள் கேட்பதில் வியப்பில்லை. இன்றைய பைக், ஸ்கூட்டர் எல்லாம் நான்கு ஸ்ட்ரோக். அவற்றில் எஞ்சினின் அடிவயிற்றில் ஆயில் தனியாகக் கிடக்கும். ரம்பத்தின் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த அடிவயிறு வழியாகத்தான் பெட்ரோலும் காற்றும் மேலே போகின்றன. பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கலவையை உறிஞ்சுகிறது, இறங்கும்போது அதையே அழுத்திப் பக்கத்துத் துவாரம் வழியாக மேலே தள்ளுகிறது. வால்வு கிடையாது. ஆயில் தேங்க இடமும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில் மட்டும்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழவழப்பு. அது இல்லாவிட்டால் சில நிமிடங்களில் சூடேறி, பிஸ்டன் பருத்து, சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும்.

இந்த எளிய ஏற்பாட்டை 1891 வாக்கில் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் பாத் நகரத்து ஜோசப் டே. அவருக்கு முன்பே, 1881-ல், இரண்டு ஸ்ட்ரோக்குக்குக் காப்புரிமை வாங்கியவர் ஸ்காட்லாந்துக்காரர் டுகால்ட் கிளார்க். அவர் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எங்கள் குமாஸ்தா உத்தியோகத்தின் எழுத்துகளேதான் வரும். எங்கள் இனத்தில் ஒருவராவது உருப்படியாக ஒன்று செய்தார் என்று ஆபீஸில் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எங்களுக்கு இதையெல்லாம் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மொழியில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு ஸ்ட்ரோக்குக்கு 'தெ தாம்', அதாவது இரண்டு காலம். 'தாம்' என்றால் நேரம், வானிலைக்கும் அதே சொல்தான். ஸ்பார்க் பிளக்கின் பெயர் 'பூஜி', மெழுகுவர்த்திக்கும் அதுவே பெயர். நான்கு ஸ்ட்ரோக் என்றதும் உலகம் ஜெர்மனியின் ஓட்டோவைச் சொல்லும். எங்கள் வாத்தியார் விடமாட்டார். 1862-லேயே போ த ரோஷா என்ற பிரெஞ்சுக்காரர் அதை எழுதிவைத்துவிட்டார் என்று மேஜையைத் தட்டுவார். அவர் சொன்னது சரிதான். அந்த எழுத்தைக் காட்டித்தான் 1886-ல் ஓட்டோவின் காப்புரிமையை ஜெர்மனியில் ரத்து செய்தார்கள். எழுதிவைத்ததோடு சரி, போ த ரோஷா எஞ்சின் எதுவும் செய்யவில்லை. இதையும் வாத்தியார் சொன்னாரா என்பது நினைவில்லை.

எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர் ஒருவர் மொபிலெட் வைத்திருந்தார். மொத்தொபெக்கான் கம்பெனியின் மொபெட். புகையை வைத்தே அவர் வருவதைச் சொல்லிவிடலாம். பிறகு சென்னைக்கு வேலைக்கு வந்தபோது அதே வண்டி சுவேகா என்ற பெயரில் இங்கே ஓடிக்கொண்டிருந்தது. திருப்பதியில் மொபெட்ஸ் இந்தியா கம்பெனி அதே பிரெஞ்சு உரிமத்தில் செய்த வண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டில் அதைப் பார்த்தபோது ஊர்க்காரனைப் பார்த்தமாதிரி இருந்தது.

அந்தக் காலத்தில் நம் மேற்குப் புறநகரே இரண்டு ஸ்ட்ரோக்கில்தான் ஓடியது. திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனி வில்லியர்ஸ் எஞ்சின் வைத்துச் செய்த ஃபேன்டாபுலஸ் ஸ்கூட்டர் சிலரிடம் இருந்தது. 1972-ல் புனேயிலிருந்து லூனா வந்தது. 1980-ல் ஓசூரிலிருந்து இரண்டு பேர் உட்காரும் டிவிஎஸ் 50 வந்ததும் நிலவரமே மாறியது. டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் ஷிப்ட் விட்டால் டிபன் கேரியர் தொங்க மொபெட்டுகள் வரிசைகட்டும். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-ல் வெளிவந்த விஜயந்தா டாங்கிக்குள் இருந்த லேலண்ட் எல்60 எஞ்சினும் இரண்டு ஸ்ட்ரோக்தான். 6 சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிராக இரண்டு பிஸ்டன். அதில் ஆயில் கலக்கும் வேலை இல்லை, அது வேறு ஜாதி. ஆனாலும் டாங்கிக்கும் டிவிஎஸ் 50-க்கும் இப்படி ஓர் உறவு இருப்பதை ஆவடிக்காரர்களிலேயே பலர் அறியமாட்டார்கள்.

பெட்ரோல் பங்கில் "சார், ஆயில்?" என்று கேட்காமல் பையன் குழாயைத் தொடமாட்டான். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட 2டி ஆயில் தெரியும். பிளக் கறுத்தால் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டத் தெரியாத வீட்டுத்தலைவர் கிடையாது. சைலன்சரில் கரி அடைத்தால் கழற்றிச் சுட்டுத் தட்டுவோம். இதெல்லாம் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை, காற்றிலேயே இருந்தது, புகையோடு புகையாக.

அந்தப் புகைதான் அதற்கு எமனாகவும் வந்தது. எரியாத பெட்ரோலும் ஆயிலும் கலந்த நீலப்புகை. 2000-க்குப் பிறகு புகைக் கட்டுப்பாடு இறுக இறுக, ஒவ்வொரு வண்டியாக நான்கு ஸ்ட்ரோக்குக்கு மாறியது. 2015-ல் டிவிஎஸ் எக்ஸ்எல் 100-ம் அப்படியே வந்தது. நல்லதுதான், என் மனைவிக்கு ஆஸ்துமா, நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த எஞ்சின் போன அடுத்த வருஷமே வர்தா வந்து, மரம் அறுக்கும் ரம்பமாக அது மறுபடியும் நம் தெருக்களுக்கு வந்தது. அதற்குள் பங்க் பையன் "ஆயில்?" என்று கேட்பது நின்றுபோயிருந்தது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம். இந்த முறை காற்றைவிடத் தண்ணீர்தான் அதிகம். ஆனால் அந்த எதிர்வீட்டில் (அவர் 2020-லேயே காலமாகிவிட்டார்) தனியாக இருக்கும் அம்மாளின் சமையலறைக் கூரைக்கு மேல் குல்மோஹர் கிளை ஒன்று பாதி முறிந்து தொங்கியது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். மின்சாரம் ஏற்கெனவே நிறுத்தியிருந்தார்கள். ரம்பத்தை எடுத்தேன். கயிற்றை இழுத்தேன், இளைஞர்கள் இழுத்தார்கள், தோள் கழன்றதுதான் மிச்சம். அன்றிரவு அந்த அம்மாளை எங்கள் வீட்டில் படுக்கவைத்தோம். இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது. கிளை கூரையைப் பெயர்த்துக்கொண்டு அடுப்பின்மேல் விழுந்திருந்தது.

தண்ணீர் வடிந்ததும் அம்பத்தூர் ஓ.டி.யில் எனக்குத் தெரிந்த பழைய மொபெட் மெக்கானிக்கிடம் போனேன். பாய்க்கு அறுபத்தைந்து இருக்கும். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார்.

"எத்தனை மாசம் ஆச்சு சார், பெட்ரோல் ஊத்தி?"

"மார்ச்சுல ஓட்டினோம். ஆயில் அளவா கலந்துதான் வெச்சிருந்தேன் பாய்."

"அதான் தப்பு. இப்போ பெட்ரோல் பழைய பெட்ரோல் இல்ல."

அவர் சொன்னது உண்மை. 2022-க்குள் நாடு முழுக்க பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது, 2023 பிப்ரவரியிலிருந்து 20 சதவீதக் கலவையும் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். காருக்குத் தினமும் ஓடுவதால் அந்தக் கவலை குறைவு. எட்டு மாதம் படிக்கட்டுக்கு அடியில் தூங்கும் எஞ்சினுக்கு அதுவே விஷம்.

பாய் கார்புரேட்டரைப் பிரித்தார். மொபெட்டில் இருக்கும் மிதவை இதில் இல்லை. ரம்பத்தைச் சாய்த்தும் நிமிர்த்தும் பிடிக்கவேண்டும், மிதவை இருந்தால் பெட்ரோல் வழிந்துவிடும். 1920-களில் ஜெர்மனியில் டோல்மாரும் ஸ்டீலும் செய்த பெட்ரோல் ரம்பங்களைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், எஞ்சினை இஷ்டத்துக்குச் சாய்க்கவும் முடியாது. பிறகு மிதவைக்குப் பதிலாக ஒரு மெல்லிய ஜவ்வை வைத்தார்கள். எஞ்சினின் அடிவயிற்றில் ஏறி இறங்கும் அழுத்தம்தான் பெட்ரோலைக் கொண்டுவரும் ஜவ்வைத் துடிக்கவைக்கிறது. தலைகீழாகப் பிடித்தாலும் ஓடும். எங்கள் ரம்பத்தின் ஜவ்வு அப்பளமாக விறைத்திருந்தது. டேங்குக்குள் இருக்கும் ரப்பர் குழாய் தொட்டதும் பிய்ந்தது, அதன் நுனியில் இருக்கும் ஃபில்டரில் கஞ்சிபோல் பிசின்.

ஜவ்வு, குழாய், ஃபில்டர் மூன்றையும் மாற்றினார். காற்று ஃபில்டரின் ஸ்பாஞ்சை சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தார். சைலன்சர் வாயில் இருக்கும் சன்ன வலையைச் சுட்டுக் கரியைத் தட்டினார். கடைசியில் சைலன்சரைக் கழற்றிய துவாரம் வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார்த்தார்.

"இது புது பிஸ்டனாச்சே. யாரோ வெறும் பெட்ரோல் ஊத்தியிருக்காங்க."

பையன் கதையைச் சொன்னேன். கூலியில் பிடித்ததையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே என்று நினைக்கிறேன்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்தப் பையன் எப்போ பொறந்தவன் சார்?" என்றார்.

"2000 இருக்கும்."

"அவன் வீட்ல டிவிஎஸ் 50 இருந்துச்சா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் கேட்டுவிட்டு, புதுப் பெட்ரோலில் ஆயில் அளந்து ஊற்றி, கயிற்றை இரண்டே இழுப்பு இழுத்தார். நீலப்புகை வந்தது. 1980 வாசனை.

ஜனவரி கூட்டத்தில் அந்த 2,800 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். ஐந்து வருஷத்துக் கணக்கை எதற்குக் கிளறுகிறீர்கள் என்று பொருளாளர் கேட்டார். பாதிப் பேர் கைதூக்கினார்கள், மீதியை நான் போட்டேன். பையன் இப்போது வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் வேலையில் இருக்கிறான். ஹெல்மெட்டோடு வந்து, வவுச்சரில் கையெழுத்துப் போட்டான். பணத்தை எண்ணாமல் பையில் வைத்துக்கொண்டான். மாடிப்படிக்குக் கீழே ரம்பத்தைப் பார்த்ததும் குனிந்து டேங்க் மூடியைத் திருகினான்.

"காலியா இருக்கே தாத்தா?"

"வேலை முடிஞ்சதும் வடிச்சிட்டு, தானா நிக்கற வரைக்கும் ஓட்டி வைக்கணும்ப்பா. வேணும்கிற அன்னிக்கு ஒரு லிட்டருக்கு இருபது மில்லி" என்று சொல்லி, பேரனுக்கு மருந்து கொடுத்த பழைய அளவுக் குவளையை எடுத்துக் காட்டினேன். அதில் இருபதுக்கு நேராக நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு, ரம்பத்தின் கைப்பிடியிலேயே கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.