வாய்க்காலும் தண்டவாளமும்

காவேரிப்பட்டினத்துக்கும் போச்சம்பள்ளிக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது பாரூர். தென்பெண்ணையாற்றின் குறுக்கே நெடுங்கல்லில் உள்ள அணைக்கட்டிலிருந்து பிரியும் வாய்க்கால் இவ்வூர்ப் பெரிய ஏரியை நிரப்புகிறது. ஏரியின் கிழக்கு, மேற்குக் கால்வாய்கள் ஏறத்தாழ 2,400 ஏக்கர் நிலத்துக்கு நீர் அளிக்கின்றன.

இந்த நீரின் அருமையை உணர 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருடப் பஞ்சத்தை நினைவுகூர வேண்டும். அந்நாளைய சேலம் மாவட்டத்தில் 1871இல் 19 இலட்சத்துக்கு மேலிருந்த மக்கள்தொகை, 1881இல் 16 இலட்சத்தளவுக்குச் சுருங்கியது. மொரப்பூர் வழியாக அன்றே ரயில் ஓடியது. தானியமும் வந்து இறங்கியது. ஆனால் உள்நாட்டு ஊர்களுக்கு அதைச் சுமக்க வேண்டிய எருதுகள் தீவனமின்றி மடிந்தன. பாசனமும் இருப்புப்பாதையும் வேண்டுமென 1880இல் பஞ்ச ஆணையம் பரிந்துரைத்தது.

அதன் வழியே திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிச் சிற்றகலப் பாதை 1905இலும், மொரப்பூர்–தருமபுரிப் பாதை 1906இலும் திறக்கப்பட்டன. பின்னது 1913இல் ஓசூர் வரை நீண்டது. தண்டவாளங்களின் இடைவெளி இரண்டரை அடியே. எனினும் சந்தைக்கும் பட்டணத்துக்கும் அவை வழிதிறந்தன. காலப்போக்கில் இரு பாதைகளும் மூடப்பட்டு, தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. பின்னாளில் சேலம்–பெங்களூர்ப் பாதை தருமபுரி, ஓசூர் வழியாக அமைந்தது; மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கோ இன்றும் ரயில் இல்லை.

ரயிலை எடுத்தவர்கள் தொலைவில் இருந்தார்கள்; இவ்வூர் மக்களின் சொல் அங்கே ஏறவில்லை. வாய்க்காலின் கதை வேறு. மதகைத் திறப்பதும், தூர் வாருவதும், கடைமடைக்காரனின் முறை வரும்வரை மேல்மடைக்காரன் பொறுப்பதும் ஊராரின் ஒத்துழைப்பைச் சார்ந்தவை. அதனாலேயே அது நிலைத்திருக்கிறது எனலாம்.

இன்று அதற்கும் சோதனை வந்துள்ளது. நந்தி மலைப்பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூரின் கழிவுகளைச் சுமந்து எல்லை கடக்கிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரை பொங்குவதைப் பலரும் கண்டிருக்கிறோம். அந்த ஆற்றின் கீழேதான் கிருஷ்ணகிரி அணையும், நெடுங்கல்லும், பாரூரும் இருக்கின்றன. ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் உழைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் நம்மில் பல; தொழிலை வெறுக்க நம்மால் இயலாது. ஆயினும் மேலே இருப்பவன் கழிவைக் கலந்துவிட்டால், கீழே இருப்பவன் முறைக்காகக் காத்திருந்து என்ன பயன்?

தண்டவாளம் பெயர்க்கப்பட்டபோது கேட்கத் தவறிய கேள்வியை, நீர் கெடும்போதாவது நாம் ஒன்றுகூடிக் கேட்க வேண்டும்.