ஷெரீப்

தமிழ் எழுத்தில் ஒன்றுபோலத் தெரிந்தாலும், இஸ்லாமியர் பெயராக வரும் ஷெரீப்புக்கும் அமெரிக்க ஷெரீப்புக்கும் உறவில்லை. முன்னது அரபுச் சொல். மேன்மையானவர் என்று பொருள். பின்னது பழைய ஆங்கிலத்தில் ‘ஷயர்’, ‘ரீவ்’ என்ற இரு சொற்கள் ஒட்டிப் பிறந்தது. ஷயர் என்பது மாவட்டம் போன்ற நிலப்பகுதி; ரீவ் என்பவர் அதிகாரி. அரசனுக்காக வரி தண்டியவரும் குற்றவாளியைப் பிடித்தவரும் அவரே. குதிரையையும் வண்டியையும் உடையவரைக் கேட்காமல் ஓட்டிச் செல்லக்கூடாது என்று 1215ஆம் ஆண்டு மாக்னா கார்ட்டா என்ற ஆங்கிலேய உரிமைச் சாசனம் அவருக்குத் தடை போட்டது. அதிலிருந்தே அவர் செய்த அட்டகாசத்தை ஊகிக்கலாம்.

பதவி கடல் கடந்தது. சென்னைக்கும் ஒரு ஷெரீப் இருந்தார். பிற்காலத்தில் அது வெறும் அலங்காரப் பதவி.

அமெரிக்காவிலோ அதிகாரம் குறையவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீப்பை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்டி எனப்படும் மாவட்டத்தின் சிறையும் பொதுவாக அவர் பொறுப்பு. கலிஃபோர்னியாவில் கவுன்டியின் மேற்பார்வைக் குழு அவருக்குப் பணம் ஒதுக்கலாம், கணக்குக் கேட்கலாம். ஆனால் அவருடைய புலனாய்வில் குறுக்கிட முடியாது. 2020இல் இயற்றப்பட்ட சட்டம், அழைப்பாணை அனுப்பும் அதிகாரத்தோடு கண்காணிப்பு வாரியம் அமைக்க கவுன்டிகளுக்கு வழி திறந்தது. சிறைக்கு மாற்றான ஏற்பாடுகளும், அதாவது கணுக்காலில் மின்னணுக் கருவி மாட்டி வீட்டில் இருத்துவது, அடைத்து வைப்பதற்குப் பதில் பொதுவேலை வாங்குவது போன்றவையும், அங்கே பல கவுன்டிகளில் ஷெரீப் துறையின் கையில்தான் இருக்கின்றன.