கழுவுதலில் பிறந்த வண்ணம்: கோடாக்குரோமும் படச்சுருளின் மீட்சியும்

டிஜிட்டல் ஒளிப்பட முறை நிலைபெற்ற பின்னரும் படச்சுருளுக்குத் திரும்பும் போக்கு 2010களில் பல நாடுகளில் தோன்றியது. அதனைப் பழமையின் மீதான ஏக்கமாக மட்டும் காண்போர் உளர். ஏக்கமே காரணமாயின், மிகுதியும் போற்றப்பட்ட சுருளே முதலில் மீண்டிருத்தல் வேண்டும். கோடாக் நிறுவனத்தின் இரு வண்ணச் சுருள்களுடைய வரலாறு இதற்கு மாறாக அமைந்துள்ளது.

லியோபோல்டு மேன்ஸ், லியோபோல்டு கொடாவ்ஸ்கி ஆகிய இசைக்கலைஞர் இருவரின் ஆய்வால் உருவான கோடாக்குரோம் 1935இல் விற்பனைக்கு வந்தது. 1985இல் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் வெளிவந்து புகழ்பெற்ற ஆப்கானியச் சிறுமியின் படத்தை ஸ்டீவ் மெக்கரி இச்சுருளிலேயே எடுத்தார். 2009இல் கோடாக்குரோம் கைவிடப்பட்டபோது, தயாரிக்கப்பட்ட கடைசிச் சுருளைப் பெற்றவரும் அவரே. அதன் ஒரு பகுதியை இந்தியாவில் எடுத்த அவர், கழுவுவதற்கு அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் சிற்றூருக்கு எடுத்துச் சென்றார். 2010இல் உலகிலேயே அங்கிருந்த கூடம் ஒன்றுதான் கோடாக்குரோமைக் கழுவி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30க்குப் பின் அதுவும் சுருள்களை ஏற்கவில்லை.

எக்டாக்குரோம் 1940களில் வந்தது; 2012இல் நிறுத்தப்பட்டது. ஆயினும் 2018இல் மீண்டும் கடைக்கு வந்தது.

இவ்வேறுபாட்டின் வேர் வேதியியலில் உள்ளது. எக்டாக்குரோமில் சாயத்தை உருவாக்கும் பொருள்கள் சுருளின் அடுக்குகளிலேயே கலந்துள்ளன. ஆதலின் பொதுவான கரைசல்களைக் கொண்டு சிறு கூடத்தினரும், பொறுமையுள்ள தனியாளும் அதனைக் கழுவ இயலும். கோடாக்குரோமின் அடுக்குகளோ அடிப்படையில் கறுப்பு வெள்ளைப் பூச்சுகளே. ஒவ்வோர் அடுக்கிற்கும் தனித்தனிக் கரைசலின் வழியே வண்ணம் ஊட்டப்பட்டது. அதற்குப் பெரும் எந்திரமும் வேதியியல் கண்காணிப்பும் இன்றியமையாதன. 'படம் கழுவுதல்' எனத் தமிழில் வழங்கும் சொல் அழுக்கை நீக்குவதையே நினைவூட்டுகிறது. கோடாக்குரோமைப் பொறுத்தவரை இச்சொல் பொருந்தாது. அங்குக் கழுவுதல் என்பது சேர்த்தல்.

விற்பனை குன்றியதே காரணம் என்பாரும் உளர். 2009இல் கோடாக்குரோம் அந்நிறுவனத்தின் ஒளிப்படச் சுருள் விற்பனையில் ஒரு விழுக்காட்டிற்கும் குறைவாகவே இருந்தது உண்மை. எனினும் விற்பனை குறைந்தே எக்டாக்குரோமும் நின்றது. விற்பனைக் கணக்கு மட்டும் மீட்சியை விளக்கவில்லை. சுருளைத் தொழிற்சாலை மீண்டும் உருவாக்கினாலும் அதனைக் கழுவும் அறிவு பலரிடம் பரவியிருத்தல் வேண்டும். எக்டாக்குரோமிற்கு அது வாய்த்தது.

இம்முடிவிற்கும் ஓர் எல்லையுண்டு. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட நடுவணரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்னும் பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை விற்றது. 1990களில் அது நலிந்த நிறுவனமாயிற்று. பின்னர் உற்பத்தியும் நின்றது. கறுப்பு வெள்ளைச் சுருளைக் கழுவுதல் எளிது. மெட்டால், ஹைட்ரோகுவினோன் முதலியவற்றைக் கலந்து இருட்டறையில் கரைசல் செய்யும் வழக்கம் மறையவில்லை. கோடாக்குரோமிற்கு இல்லாத அறிவுப் பரவல் இங்கு இருந்தது. இல்லாது போனது, முழு இருளில் வெள்ளி உப்புப் பூச்சைச் சீராகப் பரப்பிய தொழிற்சாலை. இன்று சுருளுக்குத் திரும்பும் இந்தியர் இல்ஃபோர்டு போன்ற வெளிநாட்டுச் சுருள்களை வாங்கி வீட்டிலேயே கழுவிக்கொள்கின்றனர்.