அடுப்புக் கதவின் சரித்திரம்

ராஜாக்களுக்குச் சரித்திரம் உண்டு, அடுப்புக்கு ஏது என்று சிரிக்காதீர்கள். கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலையில் அத்தை வீட்டுக்குப் போனபோது, அந்தச் சரித்திரம் என் கண்ணைக் கரிக்கச் செய்தது.

அத்தையிடம் பழைய புகையில்லா விறகடுப்பு ஒன்று இருக்கிறது. அதன் வார்ப்பிரும்புக் கதவு தொங்கிப்போய் மூட மறுத்தது. கீலாணியைக் கழற்றி, தேய்ந்த இடத்தில் ஒரு வாஷர் போட்டால் தீர்ந்தது. ஆனால் ஆணி துருவேறி இறுகிக் கிடந்தது. நான் சுத்தியலை எடுத்தேன்.

"உடைச்சுடாதேடா! ஆசாரியைக் கூப்பிடு" என்றாள் அத்தை.

அடுப்புக்குக் கதவு எதற்கு? காற்றை அளந்து விடத்தான். காற்று மிஞ்சினால் விறகு வீணாகும், குறைந்தால் புகையும். 1790-களில் மூனிச் நகரில் ரம்ஃபோர்டு பிரபு இதை வற்புறுத்தி, மூடிய அடுப்புகள் கட்டினார். நம் நாட்டில் 1947-இல் வார்தாவின் மகன்வாடியிலிருந்து 'மகன் சுல்லா' வந்தது. ஹைதராபாத் பொறியியல் ஆராய்ச்சிக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, புகையற்ற சமையலறையைப் பற்றி 1953-இல் ஒரு நூலே வெளியிட்டார். 1983-இல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டமாகத் தொடங்கி, 2002 வரை கோடிக்கணக்கில் இத்தகைய அடுப்புகளைப் பரப்பியது.

அவற்றில் பல என்ன ஆயின? புகைபோக்கியில் கரி அடைத்தது, மண் வெடித்தது. பழுது பார்க்க ஆளில்லை. பெண்கள் மறுபடி மூன்று கல்லுக்கே திரும்பினார்கள், புகையும் திரும்பியது. கொடுத்தவர்கள் எண்ணிக்கையைப் பார்த்தார்கள். ஊதியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆசாரி வந்தார். அடுப்பு ஆறிய பிறகு ஆணியைச் சுற்றி எண்ணெய் விட்டு, "ராத்திரி ஊறட்டும் ஐயா" என்று போய்விட்டார். மறுநாள் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்து, ஆணியை விட்டுவிட்டு, கீலின் வளையத்துக்கு மட்டும் மெல்லச் சூடு காட்டினார்.

"வளையம் விரிஞ்சா ஆணி தானா இடம் கொடுக்கும். பலமா அடிச்சா வார்ப்பு தெறிச்சிடும்."

கீழிருந்து மேலாக நாலு தட்டு. ஆணி எழும்பியது. துருவைச் சுரண்டி, வாஷர் போட்டு, எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரியைத் தடவி மாட்டினார். சூட்டில் எண்ணெய் கருகிப் பிசினாகிவிடுமாம்.

அன்று மாலை மலையுச்சியில் தீபம் ஏறியது. ஊரே கைகூப்பியது. அத்தை கும்பிட்டுவிட்டு உள்ளே போய் அடுப்புக் கதவை ஒரு விரலால் சாத்தினாள். வெகு நாளைக்குப் பிறகு கண் கலங்காமல் அவள் சமைத்ததைப் பார்த்தேன். சர்க்கார் கொடுத்தது அடுப்பை. கொடுக்க மறந்தது அந்த ஆசாரியை.