ஆற்றுக்கு யார் தக்கார்?

கும்பகோணத்தில் கோயில் நில வழக்குகளை நடத்துவது என் தொழில். இங்கே வழக்குப் பட்டியலில் வாதியின் பெயர் பெரும்பாலும் சாமியின் பெயராக இருக்கும். 'அருள்மிகு' என்று தொடங்கி, திருநாமமும் ஊரும் வந்து, 'தக்கார் மூலமாக' என்று முடியும். சாமிக்குச் சொத்து உண்டு. சாமி வழக்குப் போடலாம், சாமி மேலும் வழக்குப் போடலாம். வருமான வரிகூட விதிக்கலாம் என்று கல்கத்தாவிலிருந்து போன ஒரு வழக்கில் 1969இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போட ஒரு மனிதர் வேண்டும்; அவர்தான் தக்கார். அதனால்தான் சட்டம் சாமியை மைனர் போலப் பாவிக்கிறது.

என் சீனியர் வழக்குக் கட்டைப் பிரித்ததும் சொத்து விவரத்துக்குப் போகும் முன் தக்கார் யார் என்று பார்ப்பார். ஏன் என்பது எனக்கு ஒரு வழக்கில் புரிந்தது. ஒரு கோயில் நன்செய்க்குத் தக்காரின் மைத்துனரே குத்தகைதாரர். பாக்கிக்கு வழக்குப் போட்டாயிற்று. வாய்தா மேல் வாய்தா போனது. கோயில் தரப்பில் சாட்சி சொல்ல ஆளும் வரவில்லை, குத்தகைக் கணக்கும் வரவில்லை. வழக்கு தள்ளுபடியானது. சாமிக்கு இருந்த உரிமையில் எள்ளளவும் குறை இல்லை. ஆனாலும் சாமி தோற்றது.

ஆகவே ஓர் ஆற்றையோ மலையையோ சட்டப்படி நபர் என்று அறிவித்த செய்தி வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அதன் தக்காரை. அப்படித் தேடிப் போன இடத்தில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது நியூசிலாந்தின் வாங்கனூயி ஆறு.

வடக்குத் தீவின் டோங்கரிரோ எரிமலைச் சரிவில் பிறந்து, 290 கிலோமீட்டர் ஓடி, டாஸ்மன் கடலில் சேருகிறது இந்த ஆறு. கரையோர மாவோரிக் குலத்தாருக்கு அது மூதாதை. தண்ணீர் வேறு, தரை வேறு, கரை வேறு என்று அவர்கள் அதைப் பிரித்ததே இல்லை. இலையுதிர் காலத்து வெள்ளத்தில் விலாங்குகள் இனப்பெருக்கத்துக்காகக் கடலை நோக்கி இறங்கும். அதற்கென்று ஆற்றுக்குள் கனத்த கழிகளை அடித்து இறக்கி, இடையில் மனுகாச் செடியின் கிளைகளை நெருக்கிக் கட்டி வேலி போடுவார்கள். வேலி நீரோட்டத்தோடு விலாங்கையும் ஒரு வாய்க்கு ஒதுக்கும். வாயில் வலை, வலையின் கடைசியில் பின்னிய கூடு. வெள்ளம் அடித்தால் அடுத்த பருவத்துக்குள் மறுபடி கட்ட வேண்டும். எந்த இடத்து வேலி எந்தக் குடும்பத்துக்கு என்பதில் தகராறு கிடையாது. அந்த உரிமை தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்தது. பத்திரம் எழுதாத சொத்து என்றாலும், எங்கள் பக்கத்து வாய்க்கால் முறைப் பாசனம் போல அதற்கு எல்லையும் இருந்தது, முறையும் இருந்தது.

1840இல் பிரிட்டிஷ் அரசியின் பிரதிநிதிகளும் மாவோரித் தலைவர்களும் வைடாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மாவோரிகளின் நிலமும் மீன்பிடி இடங்களும் அவர்களுடையவை என்று அதில் உறுதி சொல்லப்பட்டிருந்தது. அரை நூற்றாண்டு போனது. 1891இல் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்குத் திறந்துவிட ஓர் அறக்கட்டளையைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். அலெக்சாண்டர் ஹாட்ரிக் என்ற வணிகரின் நீராவிப் படகுகள் வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேலேறின. 'நியூசிலாந்தின் ரைன்' என்று விளம்பரம். படகுக்கு ஆழமான தடம் வேண்டும். விலாங்கு வேலிகள் வழியில் நின்றன. அவற்றைப் பிடுங்கினார்கள். நீரோட்டத்தை நடுவே தள்ளச் சுவர் கட்டினார்கள். சாலை போட ஆற்றிலிருந்தே சரளை அள்ளினார்கள். வேலிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்கு மனு மேல் மனு எழுதினார்கள்.

1903இல் நடந்ததை ஒரு வழக்கறிஞனாக என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. நிலக்கரிச் சுரங்கச் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. படகு போகக்கூடிய ஆறுகளின் படுகை அரசுக்குச் சொந்தம், எப்போதுமே அப்படித்தான் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்று அதில் ஒரு பிரிவு. சுரங்கச் சட்டத்தின் உள்ளே ஆற்றைத் தேட யாருக்குத் தோன்றும்? வாங்கனூயி மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரு காசும் ஈடாகக் கொடுக்கவில்லை.

1938இல் அவர்கள் நில நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதல் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகம்: 1840இல் படுகை மாவோரி வழக்கப்படி அவர்களுடையதே. அரசு விடவில்லை. மேல் நீதிமன்றம், அரசு விசாரணை ஆணையம், மறுபடி மேல் நீதிமன்றம் என்று 24 ஆண்டுகள். 1962இல் வந்த கடைசித் தீர்ப்பு சொன்ன காரணம் இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்ட விதி: கரை நிலத்துக்குப் பட்டா வாங்கியவனுக்கு ஆற்றின் நடுக்கோடு வரை படுகையும் சேரும். கரை நிலங்களுக்கு மாவோரிகள் தனித்தனியாகப் பட்டா பெற்ற அன்றே ஆறு முழுதும் குலத்துக்குச் சொந்தம் என்ற உரிமை கரைந்து போய்விட்டதாம். அந்தத் தீர்ப்பில் தர்க்கம் இருக்கிறது, ஆறு இல்லை. நடுவே கோடு போட்டு ஆற்றைத் துண்டாக்கி, துண்டுகளைக் கரையோடு ஒட்டிவிட்டார்கள். வழக்கைப் பல பத்தாண்டுகள் தாங்கி நடத்திய தலைவர்களில் ஒருவர் டிட்டி டிஹு. ஆறு நீதி பெற்ற நாளைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

தோல்விக்குப் பின் இன்னும் பெரிய அடி. 1970களில் டோங்கரிரோ நீர்மின் திட்டம் ஆற்றின் தலைப்பக்கத்து ஓடைகளை மலைக்கு அப்பால் திருப்பியது. ஒரு மூதாதையின் தலையிலிருந்து நீரை எடுத்து வேறொரு படுகையில் விடுவது அந்த மக்களுக்கு என்ன வலி கொடுத்திருக்கும் என்பதைக் காவிரிக் கரைக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1975இல் வைடாங்கி தீர்ப்பாயம் அமைந்தது. பத்தாண்டு கழித்து 1840 வரை பின்னோக்கி விசாரிக்கும் அதிகாரம் அதற்குக் கிடைத்தது. 1990இல் ஆற்றுக்கான கோரிக்கை பதிவானது. 1995இல் வாங்கனூயி நகரில், பழைய மாவோரி மீன்பிடிக் குடியிருப்பாக இருந்த பாகைடோரே என்ற ஆற்றங்கரைத் திடலில் மக்கள் 79 நாள் குடியேறி இருந்தார்கள். அங்கே முன்னின்றவர்களில் ஒருவர் டாரியானா டூரியா. பின்னாளில் அவர் அமைச்சரானார். 1999இல் தீர்ப்பாயம் அறிக்கை கொடுத்தது: அந்த மக்கள் கைக்கொண்டிருந்தது படுகையையோ கரையையோ தனியாக அல்ல, முழு ஆற்றையும். 1962இல் போட்ட நடுக்கோட்டை அழித்தது இந்த அறிக்கை என்றே நான் கொள்கிறேன்.

2014இல் அரசோடு உடன்படிக்கை. 2017 மார்ச் 20 அன்று சட்டம் ஒப்புதல் பெற்றது. மலையிலிருந்து கடல் வரை, கிளை ஓடைகளும் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததும் சேர்ந்த பிரிக்கமுடியாத உயிருள்ள முழுமை என்று அது ஆற்றைக் குறிக்கிறது. நபருக்குள்ள உரிமை, அதிகாரம், கடமை, பொறுப்பு எல்லாம் அதற்கு உண்டு. அரசு வைத்திருந்த படுகைப் பகுதி ஆற்றின் பெயருக்கே மாறியது. மக்களுக்கு இழப்பீடாக 8 கோடி நியூசிலாந்து டாலர், ஆற்றின் நலனுக்கு 3 கோடி டாலர் நிதி.

நான் தேடியது இதற்கு அடுத்த பிரிவுகளில் இருந்தது. ஆற்றின் முகமாக இரண்டு பேர். ஒருவரைக் குலத்தார் முன்மொழிவார்கள், மற்றவரை அரசு. பதவி ஏற்றபின் இருவரும் தங்களை அனுப்பியவருக்காகப் பேசக்கூடாது; ஆற்றுக்காக மட்டுமே பேசவேண்டும். 2017இல் முதலில் அமர்ந்த இருவரில் ஒருவர், திடலில் 79 நாள் நின்ற அதே டாரியானா டூரியா.

குறையும் சொல்லியாக வேண்டும். தண்ணீரின் உடைமை ஆற்றுக்குப் போகவில்லை. ஏற்கெனவே தனியாருக்கு இருந்த உரிமைகள் அப்படியே நிற்கின்றன. தலைப்பக்கத்து ஓடைகள் இன்னும் மலைக்கு அப்பால்தான் போகின்றன.

இந்த இருவர் ஏற்பாட்டைப் படித்தபோது எனக்கு 1925ஆம் ஆண்டின் பிரிவி கவுன்சில் தீர்ப்பு நினைவுக்கு வந்தது. கல்கத்தாவின் மல்லிக் குடும்பத்தார் முறை வைத்துப் பூசை செய்த குலதெய்வம். தன் முறை வரும்போது சாமியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போவேன் என்றார் ஒருவர். லண்டனில் உட்கார்ந்திருந்த நீதிபதிகள், சாமிக்குத் தனி விருப்பம் உண்டு, அதைச் சண்டைக்காரர் யாரும் சொல்லக்கூடாது, வழக்கில் சொந்த நலன் இல்லாத ஒருவர் சாமிக்காக நிற்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். மரங்களுக்கு வழக்காடும் தகுதி உண்டா என்று அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் கிறிஸ்டோபர் ஸ்டோன் 1972இல் கேட்டதற்கு 47 ஆண்டுகள் முன்பே நம் சட்டத்தில் அமர்ந்த கொள்கை இது. அதன் பலத்தை எங்கள் தஞ்சைச் சீமையே பார்த்திருக்கிறது. பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் இடிந்து கிடந்தது. அருகே தோண்டியபோது கிடைத்த நடராசர் திருமேனி லண்டன் வரை போய்விட்டது. அங்கே வழக்கில் கோயிலே உரிமை கோரியது. இடிபாடாகக் கிடந்தாலும் கோயில் வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்றன. 1991இல் நடராசர் ஊர் திரும்பினார். அந்த வழக்கில் கோயிலுக்காக நின்றவர்களுக்கு அதை மீட்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லை.

வாங்கனூயி சட்டம் ஒப்புதல் பெற்ற அதே 2017 மார்ச் 20 அன்று நைனிடாலில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படி நபர்கள் என்றது. சாமி வழக்குகளை ஆதாரமாக எடுத்த தீர்ப்பு. படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. காப்பாளர் பகுதிக்கு வந்ததும் தளர்ந்துபோனேன். கங்கைத் திட்ட இயக்குநர், மாநிலத் தலைமைச் செயலாளர், அரசுத் தலைமை வழக்கறிஞர். ஆற்றைக் காக்கும் வேலையை ஏற்கெனவே கையில் வைத்திருந்த அரசின் ஆட்கள். மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. வெள்ளத்தில் ஆள் செத்தால் யார் மேல் வழக்கு, பல மாநிலங்களில் ஓடும் ஆற்றுக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்று கேட்டது. 2017 ஜூலை 7 அன்று தீர்ப்புக்குத் தடை கிடைத்தது.

எக்வடோர் 2008இல் அரசியல் சாசனத்திலேயே இயற்கைக்கு உரிமை எழுதியது. அங்கே காப்பாளர் தேர்வே இல்லை, யாரும் போகலாம். சாலை விரிவாக்கத்தின் கல்லும் மண்ணும் வில்கபம்பா ஆற்றில் கொட்டப்பட்டதற்கு எதிராகக் கரையில் குடியிருந்த இரண்டு வெளிநாட்டார் ஆற்றின் பெயரில் போய், 2011இல் வென்றார்கள்.

2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி எஸ். ஸ்ரீமதி, இயற்கை அன்னையை உரிமைகளும் கடமைகளும் உள்ள உயிருள்ள நபர் என்று அறிவித்தார். அந்த வழக்கு தொடங்கியது ஆற்றிலோ காட்டிலோ அல்ல, ஓர் அலுவலகத்தில்: மேகமலையில் காட்டு நிலத்துக்குப் பட்டா கொடுத்ததற்காக ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான வருவாய்த் துறை அலுவலர் தன் தண்டனையை எதிர்த்துப் போட்ட மனு அது. இயற்கையைக் காக்கும் பொறுப்பைத் தீர்ப்பு ஒப்படைத்திருப்பது மத்திய, மாநில அரசுகளிடம். அந்தப் பட்டாவில் கையெழுத்திட்ட துறையும் மாநில அரசுக்குள்தான் இருக்கிறது.