மாத்தளைக் கொக்கோவும் நிழலும்

1869ஆம் ஆண்டிலே இலங்கைக் கோப்பிப் பயிரில் இலைத்துரு நோய் கண்டது. 20 ஆண்டுகளுக்குள் அப்பயிர் பெரும்பாலும் அழிந்துபோகவே, மாத்தளைத் தோட்டக்காரருட் பலர் கொக்கோவை நாடினர்.

கொக்கோ, தென்னமெரிக்க மழைக்காட்டில் பெருமரங்களின் அடியில் வளர்ந்த இனம். அதன் இளங்கன்று கடுவெயிலைத் தாங்காது. ஆகவே முருக்கு முதலிய மரங்களை நட்டு நிழல் கொடுத்தனர். கன்று வளர்ந்து காய்க்கத் தொடங்கிய பின்னரும் பல தோட்டங்களில் அந்நிழல் குறையவில்லை.

1890களில் மரப்பட்டையை அழுகச் செய்யும் பட்டைப்புற்று பரவிற்று. பழைய சிவப்புக் கொக்கோவே பெரிதும் மாண்டது. ஆராய வந்த கரதர்ஸ் என்னும் தாவர நோய் அறிஞர், கெட்ட பட்டையைச் செதுக்கி எடுக்குமாறும், நிழல் மரங்களைக் குறைத்து ஒளியும் காற்றும் உட்புக விடுமாறும் கூறினார். ஈரம் உலராத பட்டையிலன்றோ பூஞ்சணம் தழைக்கும்! காவலாக நட்ட மரமே பகைக்கு இடங்கொடுத்துவிட்டது.

ஒன்று சொல்லவேண்டும்: நோய்க்குக் காரணமென அவர் கருதிய பூஞ்சணம் வேறு, மெய்யான காரணம் வேறு என்பது 1910 அளவில் தெளிவாயிற்று. ஆயினும் வெளிச்சம் பற்றிய அவருடைய அறிவுரை பொய்க்கவில்லை. கன்றுக்கு அடர்ந்த நிழல், காய்க்கும் மரத்துக்கு ஐதான நிழல் என்பதே இன்றும் கொக்கோ நடுவோர் கைக்கொள்ளும் முறை.